எல்லாம் பச்சை

அலுவலகத்தில் அவளுக்குக் கண்கொத்தி என்று பெயர். ஆன்லைனில் திரைச்சீலையும் மெத்தை உறையும் விற்கிற அந்தக் கடையின் சர்வரை அவள் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காக்கிறாள் என்று யாரோ சொல்லப்போக, பாதிப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எதுவும் நின்றுவிட முடியாது என்று நம்பினாள். அந்த நம்பிக்கை ஒரு மனுஷியை எவ்வளவு சோம்பேறியாக்கும் என்பதற்கு இவள் ஒருத்தியே போதும்.

அன்று தள்ளுபடி விற்பனை. போன் எடுக்கிற பெண் காலையிலிருந்து மூச்சுவிடவில்லை. மதியத்துக்குள் அவள் குரலே மாறிவிட்டது.

"அக்கா, எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடறாங்க. கடை திறக்கவே மாட்டேங்குதாம். சுத்திக்கிட்டே இருக்காம்."

கண்கொத்தி சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையைப் பார்த்தாள். கடையின் ஒவ்வொரு பகுதியும் ஓடுகிறது என்று காட்டும் பச்சைக் கட்டங்கள் வரிசையாக. ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"இங்க எல்லாம் பச்சையாதான் இருக்கு. அவங்க நெட் சரியில்லாம இருக்கும்."

அப்போதுதான் அம்மா போனில் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் மெசேஜ் இன்னும் வரலடி. தினமும் இந்நேரம் வந்துடும். எனக்கு மனசே சரியில்ல."

"வந்துடும்மா. இங்க தலைக்கு மேல வேலை இருக்கு."

அண்ணன் வேறொரு ஊரில் தனியாக இருக்கிறான். மனைவி பிரிந்து போனதிலிருந்து அப்படித்தான். போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. தினமும் மதியம் அம்மா போன் போட்டு, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று குடைவாள். அவன் எரிந்து விழுவான். கடைசியில் தங்கையிடம் வந்தான். "பாப்பா, அம்மா என்னை ஸ்கூல் பையன் மாதிரி நடத்தறா. நீதான் பெரிய கம்ப்யூட்டர்காரியாச்சே, ஏதாவது பண்ணேன்."

பாப்பா பண்ணினாள். உங்கள் ஆர்டர் கிடைத்தது, உங்கள் பொருள் கிளம்பிவிட்டது என்று கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் செய்திகள் போகுமல்லவா, அந்த வரிசையிலேயே அண்ணன் பெயரில் அம்மாவுக்கும் தினமும் மதியம் தானாகவே போகும்படி ஒன்றைச் செருகிவிட்டாள். சாப்பிட்டேன்மா. மாத்திரை போட்டேன். நல்லா இருக்கேன். சந்தேகம் வராதிருக்க வார்த்தைகள் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். அம்மா குளிர்ந்துபோனாள். "போன்லதான் வள்ளுனு விழறான், மெசேஜ்ல தங்கமா பேசறான்" என்று பூரித்தாள். போன் போடுவதையே விட்டுவிட்டாள். அண்ணனுக்கு நிம்மதி. தங்கைக்கும்தான், அதுதான் வினை.

அம்மாவுக்குச் செய்தி போகவில்லை என்றால் வரிசை நகரவில்லை என்று அர்த்தம். சுவர்த்திரை பொய் சொல்கிறது. கண்கொத்திக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இத்தனை செலவு செய்து வாங்கிய திரையைவிட அம்மா நல்ல அலாரமாக இருக்கிறாளே!

தன் போனில் கடையைத் திறந்தாள். வெள்ளைப் பக்கம், நடுவில் சுற்றும் வட்டம். சர்வருக்குள் நுழைந்து பார்த்தாள். அது சாகவில்லை, களைக்கக்கூட இல்லை. வேலை செய்ய வேண்டிய அத்தனையும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்பும் கட்டணம் எவ்வளவு என்று கூரியர் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்க வேண்டும். அது காலையிலிருந்தே வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கடையின் சர்வருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. அதனால் காத்துக்கொண்டே இருந்தது.

முதலாளி பின்னால் நின்று கையைப் பிசைந்தார். "ரீஸ்டார்ட் பண்ணிடலாமே?"

"பண்ணா வரும் சார். உடனே திரும்ப நின்னுடும்."

"சரி, நின்னது ஏன் நமக்குத் தெரியல?"

அது நியாயமான கேள்வி. அவள் தேடிப் பார்த்தாள். சுவர்த்திரை அடிக்கடி சர்வரில் இருக்கும் ஒரு பக்கத்தைக் கூப்பிட்டு நலமா என்று கேட்கும். அந்தப் பக்கத்தை எழுதியவள் அவளேதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சும்மா சும்மா அலாரம் அடிக்கிறது என்று முதலாளி சலித்துக்கொண்டதால், உள்ளே எதையும் கேட்காமல் தானே நலம் என்று பதில் சொல்லும்படி எழுதிவிட்டாள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமலே எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி அனுப்புகிற வாட்ச்மேன் மாதிரி.

அந்த வரியைப் படித்த கண் அங்கேயே நின்றது. அம்மாவுக்குப் போகும் செய்தியும் அண்ணனைக் கேட்காமல்தானே போகிறது?

அண்ணனின் குரலைக் கடைசியாகக் கேட்டது எப்போது? மழை தொடங்குவதற்கு முன்னாலா? போனில் அவனுக்கு அனுப்பியதைப் புரட்டினாள். ஒரு ஜோக், ஒரு படம், அவன் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து. எதற்கும் பதில் இல்லை. திமிர் பிடித்தவன் என்று அப்போது நினைத்திருந்தாள். பிறந்தநாள் வாழ்த்துக்கு எவனாவது திமிர் பண்ணுவானா? அது ஏன் அன்றே தோன்றவில்லை?

கூப்பிட்டாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும். மறுபடியும். அண்ணனின் வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருப்பவர், அவர் நம்பர் இருந்தது. மேஜை போனில் பிடித்தாள்.

"சார், அண்ணன் போன் எடுக்கல. கொஞ்சம் மேல போய்ப் பாக்கறீங்களா? நான் லைன்லயே இருக்கேன்."

"அவரா? நானும் பாத்து ரொம்ப நாளாச்சேம்மா. ஊருக்கு வந்திருக்கார்னு நினைச்சேன். இருங்க."

செருப்புச் சத்தம் படியேறியது.

"எம்மா, ஆர்டரெல்லாம் கைவிட்டுப் போயிட்டிருக்கு" என்று முதலாளி புலம்பினார். அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீபோர்டில் தட்டினாள். கொஞ்ச நேரம் காத்திரு, பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததைப் பார். இதைச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். எண்டர். வட்டம் நின்றது, கடை திறந்தது, போன் எடுக்கிற பெண் கை தட்டினாள். முதலாளி "கண்கொத்தின்னா சும்மாவா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தேங்கியிருந்த வரிசை மளமளவென்று நகர்ந்தது. அதில் அண்ணனின் செய்தியும் நிற்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தப் போனாள். அதற்குள் போய்விட்டது.

"லைன்ல இருக்கீங்களாம்மா?" வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. "உள்ள லைட் எரியுது. ஃபேன் ஓடற சத்தம்கூடக் கேக்குது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. தட்டறேன், பதிலே இல்ல."

"தட்டுங்க சார். விடாம தட்டுங்க."

கைபேசி அதிர்ந்தது. மற்றக் காதில் வைத்தாள். அம்மாவின் குரலில் தெம்பு வந்திருந்தது.

"வந்துடுச்சுடி! சாப்பிட்டானாம், மாத்திரையும் போட்டுட்டானாம். நான்தான் சும்மா பயந்துட்டேன். நீ வேலையைப் பாரு."

இந்தக் காதில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.