அண்ணனைக் கூப்பிட்ட விதம்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், எங்கள் பங்கு மக்களுக்கும், அண்ணனோடு வேலை செய்தவர்களுக்கும் தங்கச்சி எழுதுவது. எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போடுவது என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நடந்தது முன்னே பின்னே மறந்தும் போகிறது. கோயிலில் ஜெபமாலை சொல்லக் கூப்பிட்டாலே தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். "நீ எழுதலன்னா வேற யாரு அத்தே எழுதுவா? நைனாகூட கடைசி வரிக்கும் கேபிள் புடிச்சது நீதானே" என்று அண்ணன் மகன் வின்சென்ட் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். தாறுமாறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில். அப்பா ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். அண்ணனுக்கு மீசை முளைக்கும் முன்னே அப்பா தவறிவிட்டார். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருவில் விற்று எங்களைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுத் தண்டையார்பேட்டையில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தார். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறிக் கட்டுவதுதான் முதல் வேலை. ஒரு ஆடி மாதம், கூழ் ஊற்றும் திருவிழாவில், அவர் கம்பத்தில் இருக்கும்போதே கீழே இருந்தவர்கள் பாட்டைப் போட்டுவிட்டார்களாம். குழாய் வாய் நேராக அவர் முகத்துக்கு. இறங்கவும் முடியாமல் காதைப் பொத்தவும் முடியாமல் ஒரு பாட்டு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் காதின் கதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் வைத்தார். நம் கோயில் திருவிழா, அம்மன் கோயில் கூழ், வண்ணாரப்பேட்டையில் பாய்மார் வீட்டுக் கல்யாணம், எண்ணூரில் மீனவர் சங்கக் கூட்டம், எல்லாவற்றுக்கும் போவார். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் வாடகை பேசமாட்டார். அண்ணி வந்த பிறகு எங்கள் குடும்பத்துக்கு ஒரு வெளிச்சம் வந்தது. அண்ணிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அது எல்லோருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் தவறியபோது எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் ஆட்டோவோடு வந்து, "இன்னா யோசன பண்ணிகினு கீற? ட்ரங்குப் பொட்டிய எடு, வூட்டுக்குப் போலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்ததால், சாமான் போகும் முன்னும் திரும்பி வந்த பின்னும் கேபிள் பார்க்கிற வேலையில் கூட உட்கார்ந்தேன்.

அந்த வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்துக் காற்றில் உப்பு. எண்ணூர்ப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்வந்தால் கேபிள் முனையில் இருக்கும் பின்னு பச்சை பூத்துவிடும். அதனால் ஒவ்வொரு கேபிளையும் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறு முனையில் மீட்டரை வைத்தால், உள்ளே கம்பி அறுபடாமல் இருந்தால் பீப் என்று கத்தும். வளைத்து ஆட்டும்போது விட்டு விட்டுக் கத்தினால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது என்று அர்த்தம். அது ஒரு பரீட்சை.

இன்னொன்று உல்டா பார்ப்பது. ஸ்பீக்கருக்கு இரண்டு கம்பி. பேட்டரிக் கட்டையை அந்தக் கம்பிகளில் ஒரு நொடி தொட்டால், ஸ்பீக்கரின் காகிதம் ஒரு துள்ளு துள்ளும். வெளியே துள்ளினால் சரி. உள்ளே போனால் கம்பி மாறியிருக்கிறது, உல்டா. ஒரு ஸ்பீக்கர் பொட்டி சரியாகவும் ஒரு பொட்டி உல்டாவாகவும் இருந்தால், தனித்தனியாக இரண்டும் நன்றாகத்தான் பாடும். சேர்த்துப் போட்டால் ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். நடுவில் உட்கார்ந்தவனுக்கு பேஸ், அந்தக் கனமான அடிச்சத்தம், செத்துவிடும். இதை அண்ணன் எனக்கு விளக்கும்போது அண்ணி அடுப்படியிலிருந்து, "அத்த ஏன் அவ்ளோ நீட்டுற? நம்ம ரெண்டு பேரு மாதிரின்னு சொல்லு, தங்கச்சிக்குப் புரிஞ்சுடும்" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் பேட்டரிக் கட்டை உருண்டு ஓடியது.

அண்ணி தவறிய பிறகு அண்ணன் பேச்சைக் குறைத்தார். துக்கம் என்று நினைத்தோம். ஒரு நாள் கேபிள் பார்த்துக்கொண்டிருந்தோம். மீட்டர் என் கையில். பீப் என்று கத்தியது. என் கவனம் எங்கேயோ இருந்தது, நான் தலை ஆட்டவில்லை. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த நல்ல கேபிளைப் பழுது என்று ஓரமாகப் போட்டார். அவருக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. இத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறார்.

அந்தக் கேபிளை எடுத்து மறுபடி வைத்து, பீப் வந்ததும் நன்றாகத் தலையை ஆட்டினேன். அவர் அதை நல்ல கேபிள்களோடு சேர்த்து வைத்தார். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். நான் இல்லாத நேரத்தில் வேலை நடக்க, சின்ன டார்ச் பல்பில் பேட்டரியைக் கட்டி ஒரு விளக்கு செய்துகொண்டார். கம்பி நன்றாக இருந்தால் அது எரியும். "மீட்டர் கீதே, இது இன்னாத்துக்கு நைனா?" என்று வின்சென்ட் கேட்டால், "எனக்கு இதான் புடிச்சுகீது" என்பார். உல்டா பார்க்க ஸ்பீக்கர் காகிதத்தின்மேல் விரல் நுனியை வைத்துக்கொள்வார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துள்ளலும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். "செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னாலே முகம் சுருங்கிப்போகும். காது கேட்காதவன் சவுண்ட் வைக்கிறான் என்று தெரிந்தால் நம் கோயில் திருவிழாவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார். காசுக்காக இல்லை. வாலிப வயதிலிருந்து கொடியேற்றத்துக்கு அவர் வைத்த மைக்கில்தான் சாமியார் ஜெபம் சொல்லியிருக்கிறார். அது போனால் அண்ணன் உட்கார்ந்துவிடுவார். வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் நான் வேண்டிக்கொள்வேன்.

ஒரு வருஷம் கொடியேற்றத்துக்கு முன்னே எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. புழுதியில் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் நான் இல்லாமல் போனார். அன்றைக்குப் பார்த்து, பெரிய பொட்டி இரண்டை வண்ணாரப்பேட்டை காதர் பாய் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார். காதர் பாய் அண்ணனுக்குப் பழைய தோஸ்து. அந்தப் பொட்டிகளுக்கு முன்னால் இரும்பு வலை அடித்திருந்தது. விரலை உள்ளே விட வழியில்லை. வலையைக் கழற்றினால், பாட்டைப் போட்டுக் காதால் கேட்டாலே தெரியுமே, இது ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். விளக்கோ கம்பி அறுந்ததைச் சொல்லுமே தவிர உல்டாவைச் சொல்லாது. அண்ணன் வலைக்கு மேலேயே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரியா கீது" என்று சொல்லிவிட்டாராம்.

பாட்டுப் போட்டார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. பாட்டு சப்பென்று, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. டாக்டர் பேச்சை மறந்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

கோயில் முற்றத்தில் வின்சென்ட் நடுவில் நின்று கத்துகிறான். "நைனா! பேஸ் வரல! ஒரு பொட்டி உல்டா!" அண்ணன் மாதா சிலை இருக்கும் கெபிப் பக்கம் ஆம்ப்ளிஃபயரில் குனிந்துகொண்டிருக்கிறார். "நைனா! உல்டாவா கீது!" அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். மகன் கையை ஆட்டுவதைப் பார்த்துச் சிரித்து, கட்டை விரலைத் தூக்கி, "சூப்பரா கீதா?" என்றார்.

பாட்டுப் பழக வந்த பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பங்குத்தந்தை வாசலில் நிற்கிறார். எந்த நாள் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது.

அப்போது கோயில் பிள்ளை சவரிமுத்து, மணி அடிக்கிறவர், தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து உயரத் தூக்கி இரண்டு வீச்சு வீசினார். அண்ணன் உடனே அவரைப் பார்த்தார். சவரிமுத்து இரண்டு கையையும் குறுக்காக மாற்றிக் காட்டினார்.

"இன்னாண்ணே, துண்டை வீசுறீங்க?" என்றான் வின்சென்ட்.

சவரிமுத்து திருதிருவென்று முழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, யார்கிட்டயும் சொல்லிடாதே. உங்க நைனாவுக்குக் காது கேக்காது. ரொம்ப வருசமா நான் இப்படித்தான் கூப்புட்றேன். எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

"அட போங்கண்ணே! உங்களுக்கு மட்டுமா? நான் எங்க நைனாவை, வூட்டுத் தரையில கால ஓங்கித் தட்டித்தானே கூப்புடுவேன். இங்க எல்லாரும் பாக்குறாங்கன்னுதான் சும்மா கத்துனேன். அத்தைக்குக்கூடத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறேன்."

காதர் பாய் தலையைச் சொறிந்தார். "நான் அதுக்குத்தான்பா போன் பண்றதில்ல. ஒவ்வொரு தபாவும் வண்டி போட்டுகினு நேர்ல வர்றேன். எனக்கு இன்னா வேற வேலை இல்லியா?"

பாட்டுக் குழுப் பிள்ளைகளில் ஒருத்தி, நாங்கள் இந்தத் தாத்தா பார்க்கிற மாதிரி நின்று மைக்கை விரலால் தட்டிக் காட்டுவோம் என்றாள். பங்குத்தந்தை நிதானமாகச் சொன்னார்: "நான் அவர்கிட்ட எப்பவும் எதிர்ல நின்னுதான் பேசுவேன். எனக்கு முன்னாடி இருந்த சாமியார் மாற்றலாகிப் போறப்ப அதைச் சொல்லிட்டுத்தான் போனார்."

ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் தெரியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும்தான்.

அண்ணன் நடுவில் நின்று ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சொல்றானுங்க?" என்றார்.

அத்தனை பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆனாலும் அவர் எதிரில் போய் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "உனக்குக் காது கேக்கலன்னு எல்லாருக்கும் தெரியுமாம்ணா."

"எப்பத்துலேந்து?"

"ரொம்ப நாளா."

அண்ணன் ஒரு பொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "அடப் பாவிங்களா! அப்ப நான் இன்னாத்துக்கு இத்தினி வருசம் நடிச்சுகினு கெடந்தேன்? எவ்ளோ பேஜாரு தெரியுமா?" என்றார். முதலில் காதர் பாய்தான் சிரித்தார். பிறகு முற்றமே சிரித்தது. அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கமிட்டித் தலைவர் பங்குத்தந்தையிடம் ஏதோ சொல்லப் போனார். பங்குத்தந்தை அவரைக் கையமர்த்திவிட்டு அண்ணன் எதிரில் வந்து நின்று, "வலையைக் கழட்டிப் பார்த்துடுங்க. கொடி ஏத்த இன்னும் நேரம் இருக்கு. அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார். அண்ணன் வலையைக் கழற்றி, பேட்டரி வைத்து, விரலால் பார்த்தார். இடது பக்கப் பொட்டி உல்டா. காதர் பாய் கடையில் ரிப்பேர் பார்த்தபோது உள்ளே மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். "இத்த நான் பாக்காம வுட்டது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கம்பியை மாற்றினார்கள். வின்சென்ட் நடுவில் நின்று கையைத் தூக்கினான். அந்த பேஸ் வந்து என் நெஞ்சில் இடித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதன் பிறகு அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். பேச்சு திரும்பி வந்தது. கேட்கவில்லை என்றால், "மூஞ்சிய இந்தாண்ட திருப்பிச் சொல்லு" என்று அதட்டுவார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். விசில் அடிக்கிறது என்று பூசைக்கு மட்டும் மாட்டுவார். வேலைக்கு விரலும், வின்சென்ட் காதும், என் தலையாட்டலும் போதுமாயிருந்தது. அப்பா மகன் சண்டையும் நின்றது. காரணம் தெரிந்தும் நைனா தன்னிடம் வாய் திறந்து சொல்லவில்லையே என்று இவனும், சொல்ல முடியாமல் அவரும் முறைத்துக்கொண்டிருந்த சண்டைதான் அது.

கடைசியில் நெஞ்சுச் சளியில் படுத்தார். ஆஸ்பத்திரியில் அவர் கஷ்டப்பட்டது கொஞ்ச நாள்தான். வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு எதிரில் நின்று பேசினார்கள். நர்சுப் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள். பங்குத்தந்தை நோயில் பூசுதல் கொடுக்க வந்தபோது ஒவ்வொரு ஜெபத்தையும் வாய் தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சரியான இடத்தில் ஆமென் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றைக்கூட விடவில்லை. எங்களிடமிருந்து எதையும் மறைக்க வேண்டிய கஷ்டம் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். ஒரு வருஷமாக அழுகை வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன், மனது லேசாகிவிடுகிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவர்களுக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்தவர்களுக்கும், அன்றைக்குப் பொட்டியும் கேபிளும் தானே கொண்டுவந்து கட்டிய காதர் பாய்க்கும், மணி அடித்த சவரிமுத்துவுக்கும், பங்குத்தந்தைக்கும், பாட்டுக் குழுப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காது போன நாளிலிருந்து அண்ணனைத் துண்டு வீசியும், தரையைத் தட்டியும், தோளைத் தொட்டும், எதிரில் வந்து நின்றும் கூப்பிட்டு, அதை வெளியே சொல்லாமல் இருந்தவர்கள் இன்னும் பலர் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்தவர்களை மட்டுமே எழுதியிருக்கிறேன். விட்டுப்போனவர்கள் கோபிக்காமல், நீங்கள் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று வின்சென்டிடம் சொல்லுங்கள். அண்ணன் கடை வைத்தது கல்யாணத்துக்கு முன்னா பின்னா என்பதிலும், என் கண் ஆபரேஷன் எந்த வருஷத் திருவிழா என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஞாபகம் உள்ளவர்கள் யாராவது படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும்.