பழைய பெயர், புது ஆள்

கெர்னல்காரர் கணினி இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னல் என்னும் மைய நிரலில், கைவைப்பவர். அங்கே ‘நினைவகத்தை விடுவி’ என்றொரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல்துண்டு, எதையும் விடுவிக்காமல், அந்த நினைவகத்தைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவந்தது. தெளிவுக்காக அதற்கு ‘எண்ணிக்கையைக் குறை’ என்று பெயர் மாற்றினார். அதோடு நின்றிருக்கலாம். காலியான பெயரை, நிஜமாகவே விடுவிக்கும் வேறொன்றுக்குச் சூட்டி வெளியிட்டார்.

கூட வேலை செய்பவன் போனில் அலறினான். “அண்ணே, வெளியில கருவிகளை இயக்குற டிரைவர் நிரல் எழுதுறவங்க பழைய பேரைத்தானே கூப்பிடுவாங்க? தப்பைப் பிடிக்கிற கம்பைலரும், அந்தப் பேர் இருக்கேன்னு கமுக்கமா இருந்துடும். ஓடிட்டிருக்கும்போதே நினைவகம் பறிபோயிடும்!”

“உடனே திரும்ப வாங்குடா!”

“வாங்கிட்டேன். அதுக்குள்ள ஐசியூ மானிட்டர் செய்யுற ஒரு கம்பெனி அதை இறக்கி மாட்டிடுச்சு. போனை எடுக்க மாட்டேங்கிறாங்க.”

அவருடைய நர்ஸ் மனைவி ஐசியூ வேலைக்குக் கிளம்பினாள். “என்னங்க இப்படி வேர்க்குது? பேர்தானே மாத்துனீங்க?”

“மானிட்டரை நம்பாதேம்மா,” என்றார். “நாடியைக் கையால பிடிச்சுப் பாரு.”