செகண்ட் வயலின்

காவேரிக்கு ஓசூரில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் செக்கிங் வேலை. காலர் கோணினாலோ பித்தான் தொங்கினாலோ சட்டையைத் தூக்கி ஒரு பெட்டியில் வீசுவாள். அந்தப் பெட்டியில் விழுந்தவற்றுக்குப் பெயர் செகண்ட்ஸ். வெளிநாடு போக லாயக்கில்லாமல் உள்ளூரில் பாதி விலைக்குப் போகிற சரக்கு. அப்படிப்பட்டவளைப் பார்த்து, நீ செகண்ட் வயலின் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னவர் குருமூர்த்தி. கம்பெனி ஆண்டு விழாவில் வாசிக்க நான்கு பேரைக் கொண்டு ஒரு தந்தி வாத்தியக் குழு அமைத்திருந்தார்கள். அதற்குப் பயிற்சி கொடுக்க பெங்களூரிலிருந்து வந்தவர் அவர். கட்டிங் பிரிவு முனிவேலுக்குக் காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ. ரேவதிக்கு வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வயோலா. பள்ளி நாளிலிருந்து வயலின் வாசிக்கும் காவேரிக்கு செகண்ட். நேற்று வேலைக்கு வந்த சுவாதிக்கு மெட்டை வாசிக்கும் ஃபர்ஸ்ட்! செகண்ட் என்றால் மட்டமில்லை, மெட்டுக்குக் கீழே கூடவே ஓடும் இன்னொரு வரிசை, அது இல்லாமல் பாட்டு நிற்காது என்று மனிதர் பொறுமையாக விளக்கத்தான் செய்தார். காவேரியின் காதில் ஏறினால்தானே.

வயிறு எரிந்தது அவளுக்கு. சுவாதி வில்லைப் பிடிக்கும் அழகைப் பார்த்தால் எரிந்தது, அவள் சும்மா தண்ணீர் குடித்தாலும் எரிந்தது. ஒத்திகையில் தன் பகுதியைக் கடனே என்று இழுத்து வைப்பாள். மத்திகிரி வாடகை வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சுவாதியின் மெட்டையே வாசித்துப் பழகினாள். எல்லார் முன்னாலும் அவளை அமுக்கிவிட வேண்டும். வேறு எண்ணமே கிடையாது.

விழா மேடையில் அதைச் செய்தும் விட்டாள். பாட்டு தொடங்கியதும் தன் பகுதியை விட்டுவிட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டாள், சுவாதியைவிடச் சத்தமாக. முன்வரிசையில் குருமூர்த்தியின் முகம் வெளுத்தது. சுவாதி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரியில் மெட்டை இவளிடம் விட்டுவிட்டு, ஒத்திகையில் கேட்டுக் கேட்டுப் பதிந்திருந்த செகண்டை வாசிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பகுதி இவ்வளவு அழகு என்று காவேரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தடுமாறிய இடத்தில் அது கைகொடுத்தது, அவள் மூச்சு விட்ட இடத்தில் அது பாடியது. இத்தனை நாள் அது அவள் கையில்தானே இருந்தது.

கைதட்டல் ஓயவில்லை. மேனேஜர் மேடையேறி வந்து காவேரியைத்தான் பாராட்டினார். அது எதுவும் அவள் மண்டையில் பதியவில்லை.

கீழே இறங்கியதும் சுவாதி பக்கத்தில் வந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"சூப்பருங்க்கா. இனிமே ஃபர்ஸ்ட்ட நீங்களே வாசிங்க. எனக்கு செகண்டுதான் புடிச்சிருக்கு."

காவேரிக்குப் பழையபடி வயிறு பற்றிக்கொண்டது.

"அதெல்லாம் ஆவாது," என்றாள். "செகண்டு என்னுது."