கடைசி ஆளுக்கு ஒண்ணாம் நம்பர்

வாக்குப்பதிவு மொத்தம் எட்டு மணி நேரத்திற்குக் குறையக் கூடாது என்பது சட்டம். முடியும் நேரம் தேர்தலுக்குத் தேர்தல் அறிவிக்கப்படும். மாலை ஐந்துக்கு முடிந்த காலமும் உண்டு. ஆசிரியையான நான் எம். புதுப்பட்டி அருகே வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக முதன்முறை பொறுப்பேற்றபோது அது ஆறு மணி. அந்நேரத்தில் வந்திருப்போருக்குக் கையெழுத்திட்ட எண் சீட்டுகளைக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி வழங்க வேண்டும். முன்னிருந்து கொடுத்தால், பின்னால் புதியவர் சேர்ந்துவிடுவர்.

தேர்தல் நாள் சம்பளத்துடன் விடுமுறை. ஆயினும் காயவைத்த சரக்கை எடுத்துவைக்க ஒரு பட்டாசுக் கம்பெனி ஆள்களை அழைத்திருந்தது. ஐந்தே முக்காலுக்கு வேனில் வந்திறங்கி வரிசையில் நின்ற பதினோரு பெண்களின் விரல்களில் அலுமினியப் பவுடர் அப்பியிருந்தது. அதன்மேல் மை பிடிக்காது. "கையைக் கழுவிட்டு வாங்க" என்று பள்ளிக் குழாயடிக்கு அனுப்பினேன். தண்ணீர் நூலாக வந்தது. மணி ஆறாகிவிட்டது.

காவலரிடம் வெளிக்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சீட்டுகளோடு வந்தேன். வரிசையில் வேறு நால்வரே நின்றனர்; பதினோரு பேரும் இன்னும் குழாயடியில். ஒரு கட்சியின் முகவர் மறித்தார்.

"மேடம், லைன்ல நின்னவுகளுக்குத்தான் சீட்டு. குளாயடில நின்னவுகளுக்கு ஏது?"

சோப்பு நுரையோடு மாரியம்மாள் என்பவர் திரும்பினார். "அண்ணாச்சி, போன வாரம் வீடு தேடி வந்து ஓட்டு கேட்டீகளே, அப்ப நாங்க லைன்லயா நின்னோம்?" பிறகு என்னிடம், "டீச்சர், களுவச் சொன்னது நீங்க. சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் போட்டிருப்போம்லா?"

அவர் சொன்னது உண்மை. பதினோரு வாக்குகளும் என் உத்தரவால் போகவிருந்தன. கையேட்டைப் பிரித்து விதியைப் படித்தேன். அதன் வாசகத்தில் 'வரிசை' இல்லை. மூடும் நேரத்தில் சாவடியில் வந்திருந்த வாக்காளர் என்றே இருந்தது. ஐயம் எழுந்தால் தலைமை அலுவலரின் முடிவே இறுதி. அந்த 'இறுதி' என்னை அச்சுறுத்தியது. நான் தவறினால் அங்கே திருத்த ஆளில்லை.

முகவருக்கு வாசகத்தைப் படித்துக் காட்டிவிட்டு, குழாயடியில் கடைசியாக நின்ற மாரியம்மாளிடம் முதல் சீட்டை நீட்டினேன்.

"கடைசியா ஓட்டுப் போடுறவளுக்கு ஒண்ணாம் நம்பரா? பள்ளிக்கூடத்துலகூட எனக்கு இது கெடைக்கல டீச்சர்."

முகவரும் சிரித்துவிட்டார். பதினோரு பேரும் வாக்களித்தனர். மாரியம்மாள் வெளியேறியபின் இயந்திரத்தை மூடினேன். வாக்குப்பதிவு முடிந்ததற்கான படிவத்தில் முகவர் ஆட்சேபமின்றிக் கையொப்பமிட்டார். என் பணியில் நான் பெருமையோடு நினைப்பது அந்தக் கையொப்பத்தைத்தான்.

இப்பணிக்கு வரும் இளையோருக்கு ஒன்று. வாக்காளருக்கு நேரத்தைத் தருவது சட்டம். அதை நம் ஏற்பாடு தின்றுவிடக் கூடாது. அதன்பின் என் சாவடிகளில் வாளித் தண்ணீரும் சோப்பும் வரிசையின் ஓரத்திலேயே இருந்தன. கை கழுவ எவரும் இடத்தை விட்டு நகர வேண்டியிருந்ததில்லை.