கமானா, கட்டையா?

மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி தாண்டுவதற்குள் வருகிற ஒரு மீனவக் குப்பம்தான் என் மனைவியின் ஊர். அங்கே மாதா கோவில் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், மாதா கடற்கரைக்குப் போய்ப் படகுகளை ஆசீர்வதிக்க வேண்டும். பெரிய தேர் மணலில் இறங்காது. அதனால் சில வருஷங்களாக என் பழைய ஜீப்தான் மாதாவுக்கு வாகனம். செங்கல்பட்டுக்காரனான எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மரியாதையும் அதுதான். மற்றபடி மீன் வாங்கத் தெரியாத, முள் எடுத்துத் தின்னத் தெரியாத, படகில் ஏற்றினால் வாந்தியெடுக்கிற மருமகன் நான்.

ஒரு வருஷம் அந்த மரியாதையும் மணலில் மாட்டிக்கொண்டது. சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. குனிந்து பார்த்தால் ஜீப்பின் அடிவயிறு சுகமாக மணலில் படுத்திருந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் வேறு வழியில்லாமல் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஊத, இளைஞர்கள் மாதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மீன் பெட்டி ஏற்றுவதற்கு ஒரு குட்டியானை வைத்திருக்கிறான். அந்தச் சின்ன லோடு வண்டியில் சாய்ந்து நின்றபடி, "நீ ஒண்ணும் பேஜாராவாத மாமா. அடுத்த வருசம் பலகை போட்டு நம்ம வண்டிய எறக்கிக்கலாம்" என்றான். ஆறுதல்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவன் பல்லெல்லாம் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருவிழா கமிட்டித் தலைவர் என் மாமனார். அவர் என்னோடு நேராகப் பேசுவதில்லை. மகளிடம் சொன்னார்: "இன்னும் ஒரு வருசம் பாக்கலாம். வண்டி வயித்த மேல தூக்கச் சொல்லு. இல்லேன்னா குட்டியானைதான்."

என் மனைவிக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதன் அடியில்தான் கிடப்பேன். வீட்டுக்கு யாராவது என்னைத் தேடி வந்தால், "அங்க ரெண்டு காலு நீட்டிகினு கீது பாரு, அதாண்ட பேசு" என்று அனுப்பிவிடுவாள்.

வண்டியைத் தூக்குவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, அச்சுக்கு மேலே வில்லாக வளைந்து குலுக்கலைத் தாங்குகிற கமான் பட்டைகளை மாற்றி, அடிச்சட்டமான சேசிஸ், பாடி எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துவது. இன்னொன்று, சேசிஸை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் பாடிக்கும் நடுவே கட்டைகளை வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது. மறைமலைநகருக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் இதைத் தெரியாமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காரின் பாகங்கள் செய்கிற ஆட்கள் எல்லோரும், எனவே எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

"கட்டை வெக்கிறது சட்டைய தூக்கிப் புடிக்கிற மாதிரி மச்சான். தொப்ப இருந்த எடத்துலதான் இருக்கும்" என்றார் முன் சீட்டுக்காரர்.

"கமான மாத்தினா வண்டி ஆடும். மேல குந்திகினு போறது இன்னா தக்காளிக் கூடையா? மாதா!" என்றார் பின் சீட்டுக்காரர்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டை வைத்தால் மாதா ஆடமாட்டார், ஆனால் வயிறு மறுபடி மணலில் உட்காரும். கமானை மாற்றினால் மணலைத் தாண்டலாம், ஆனால் மாதா ஆடுவார். ஒரு மாதம் இதே கவலை. சாம்பாரில் உப்பு இல்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை என்று மனைவி குறைப்பட்டாள். கடைசியில் குட்டியானையும் அதன் பக்கத்தில் தெரிந்த பல்வரிசையும் கண்முன் வந்தன. கமானை மாற்றிவிட்டேன்.

ஜீப் கம்பீரமாக நின்றது. ஓட்டினால் தொட்டில். முடுக்கினால் மூக்கைத் தூக்கியது, பிரேக்கைத் தொட்டால் குனிந்தது. திருவிழாவுக்குக் கிளம்பிய அன்று மனைவி மாமல்லபுரம் வரை பொறுத்தாள். அங்கே இறங்கி, "எங்கப்பா படகே தேவல" என்று சொல்லிவிட்டு ஈசிஆர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் மாதாவை ஏற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினோம். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மணலில் இறங்கினேன். வயிறு தட்டவில்லை. போன தடவை புதைந்த இடத்தை ஜீப் கண்டுகொள்ளாமல் கடந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. படகுகளுக்கு நேரே வந்தபோதுதான் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த நங்கூரக் கயிறு கண்ணில் பட்டது. பிரேக்கை அழுத்தினேன்.

ஜீப் குனிந்தது. அதோடு மாதாவும், பூ ஜோடனையும், கிரீடமும் படகுகளைப் பார்த்து மெல்ல முன்னால் சாய்ந்து நிமிர்ந்தன.

பேண்டு நின்றுவிட்டது. "மாதா தலையசைச்சாங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். கரையே முழங்காலில் விழுந்தது. மாமனார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள!" என்றார். பத்து வருஷத்தில் முதல் தடவை.

மச்சான் மட்டும் கூட்டத்திலிருந்து, "அட, அவரு பிரேக் அடிச்சாருப்பா. கமானு அமுங்குச்சு, அவ்ளோதான்" என்றான். அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கமான் அமுங்குவதைப் பற்றி அந்தக் கரையில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "மாதா விஷயத்துல வெளையாடாத" என்றேன்.

இனி வருஷா வருஷம் இந்த ஜீப்தான் என்று மாமனார் அங்கேயே அறிவித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். கண்ணெல்லாம் ஈரம். அதுவரை தொட்டே பார்க்காத பானெட்டில் கையை வைத்தாள். "நான் வேண்டிகினே நின்னேன். சொல்லி முடிக்கல, தலையசைச்சிட்டாங்க" என்றாள்.

ஆவலாகக் கேட்டேன்: "இன்னா வேண்டிகின?"

"இந்த ஜீப்ப நீ வித்துடணும்னு."

மாமனார் என் கையை விட்டுவிட்டு மாதாவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் மச்சானைத் தேடினேன். இப்போதாவது அவன் பிரேக்கைப் பற்றி இன்னொரு தடவை சொல்வான் என்று பார்த்தேன். அவன் வேட்டியை மடித்துக்கொண்டு, எல்லோரையும்விடப் பக்தியாக மணலில் முழங்கால் போட்டுக்கொண்டிருந்தான்.