நாயை அவிழ்த்துவிட்ட சிறுமி

பீல் நகரத்துக் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவள் கனடாவில் பிறந்தவள். இந்த ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவன் செத்தபின் தாயையும் கூப்பிட்டு, ஏரிப்பக்கமாக இருந்த முதியோர் இல்லமொன்றில் சேர்த்திருந்தாள். தாங்கள் பிரெஞ்சுக்காரரின் வழி என்று தாய் சொன்னதை அறுபது வயதுவரை அவள் நம்பியிருந்தாள்.

பிறகு கனடாவிலிருந்த தம்பி பழைய பதிவுகளைத் தேட வெளிக்கிட்டான். மதிய இடைவேளையில் அவள் ஒவ்வொன்றாக எனக்குக் காட்டுவாள். தாயின் தகப்பன் ஒரு மெத்தி. தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரருக்கும் அந்த மண்ணின் பெண்களுக்கும் பிறந்த சனத்துக்கு அதுதான் பெயர். புல்வெளியில் குடியேற்றக்காரர் வந்து இறங்கியபோது, மெத்திகளுக்குக் காணிக்குப் பதிலாக ஒரு பத்திரம் கொடுத்தார்களாம். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் புள்ளடி போட்டார்கள். வியாபாரிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். காணியில்லாத குடும்பங்கள் தெருவோர அரசாங்க நிலத்தில் கொட்டில் போட்டு இருந்தன. அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள். தாயின் தகப்பன் பெயரை மாற்றி, பிரெஞ்சுக்காரன் என்று சொல்லி, ரயில்வேயில் வேலை எடுத்துக்கொண்டான். அவனைப் பெற்றவள் மட்டும் கொட்டிலிலேயே இருந்தாள்.

தனியாகப் போய்க் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். புள்ளடி போட்ட பத்திரத்தின் பிரதியைத் தாயின் மடியில் வைத்தாள். கிழவி அதை விரலால் தள்ளிவிட்டாள். அவள் பிரெஞ்சில் சொன்னது எனக்கு என் பாஷையில்தான் நினைவிருக்கிறது.

"அப்பாவைப் பெத்தவ எங்கட வீட்டுக்கு வந்தவ. எனக்கு எட்டு வயசு. பனி கொட்டிக்கொண்டிருந்தது. முயல் இறைச்சி கொண்டு வந்தவ. அயலட்டைச் சனம் பாத்துக்கொண்டு நிண்டது. அப்பா உள்ளுக்கை இருந்துகொண்டு, அவவைப் போகச் சொல்லு எண்டார். அவ போகேல்லை. என்னைப் பாத்துச் சிரிச்சவ. நான் நாயை அவிட்டு விட்டன்."

கிழவி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள்.

"நீ பள்ளிக்கூடம் போனது அந்த நாயாலைதான்" என்றாள். "இப்பவெண்டாலும் அவிட்டு விடுவன்."

மகள் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அதன்பிறகு அவள் அங்கே போகவேயில்லை. இல்லத்திலிருந்து வரும் அழைப்புகளைத் தொழிற்சாலையில் என் முன்னாலேயே துண்டிப்பாள். கிழவி நான்கு மாதம் உயிரோடு இருந்தாள். மனம் கேளாமல் நான் ஒருநாள் போனேன். என்னை அங்கே வேலை செய்பவள் என்று நினைத்து வாயைத் துடைத்துவிடச் சொன்னாள். துடைத்தேன். என் கறுத்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம், உனக்கு இதை மறைக்க ஏலாது" என்றாள்.

செத்தவீட்டுக்கு ஆறு பேர் வந்தோம். திரும்பி வரும்போது பேருந்தில் அவள், மனிசராய்ப் பிறந்தவர்கள் இப்படிச் செய்வார்களா என்று கேட்டாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று சொன்னேன். எங்கள் ஆட்கள் வீட்டு வாசலுக்குள் விடாத சாதியில் ஒருவனை விரும்பிக் கட்டினாள். எங்கடின் என்ற மலைப்பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருவருக்கும் வேலை. என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது, இரண்டு அண்ணன்மார் மட்டும் என்றேன். கல்யாணத்துக்கு முதல்நாள் தங்கச்சி போன் எடுத்து, மண்டபத்தில் பின்வரிசையில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டாள். வந்தால் பொலிசைக் கூப்பிடுவேன் என்று சொன்னேன்.

பேருந்தில் பக்கத்தில் இருந்தவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ர தங்கச்சியைப் பற்றி மகளுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அடுத்த தரிப்பில் இறங்கினாள். அவளுடைய வீடு இன்னும் நான்கு தரிப்புத் தள்ளி. திங்கட்கிழமை வேறு மேசைக்கு மாற்றம் கேட்டு வாங்கிவிட்டாள். ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம், வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர என்னோடு அவள் கதைக்கவில்லை.

அந்தக் கிழமையே தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். பின்னால் கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை.

"உன்ர மகளுக்கு, என்ர பெறாமகளுக்கு, பிள்ளை பிறந்ததெண்டு கேள்விப்பட்டன்" என்றாள். "நான் பாக்க வந்தால், சம்பந்தி வீட்டாருக்கு என்னை ஆரெண்டு சொல்லுவாய்?"

உடனே சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொன்னால் மகளுக்குப் பிரச்சினை வராது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வேலை கிடக்கு, வைக்கிறன் என்று வைத்துவிட்டாள்.

பேரனுக்கு இப்போது மூன்று வயது. தங்கச்சியைப் பற்றி மகளுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.