பம்ப் ஓடியது, தண்ணீர் போகவில்லை

ஓய்வு பெற்ற ஒருவர் யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து வழக்குப் போடலாம். காணி எல்லைக்காக வழக்குப் போடலாம். இரண்டிலும் எனக்கு ஆர்வம் இல்லாததால் ஒரு படகு வாங்கினேன்.

சிறிய அறையும் இரண்டு படுக்கைகளும் கொண்ட பழைய ஃபைபர் படகு. தெற்கிலிருந்து லொறியில் வந்தது. மயிலிட்டித் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளின் நடுவே அதைக் கட்டியபோது, கல்யாண வீட்டுக்குத் தவறுதலாக வந்துவிட்ட கணக்காய்வாளரைப் போல நின்றது.

என் மனைவி சண்டிலிப்பாயில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். தண்ணீர் என்றால் அவளுக்குக் கிணற்றில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பாத்தியில் ஓட வேண்டும். படகைக் காட்ட முதல் நாளே அவளை அழைத்துப் போனேன். துறைமுகத்துக் கற்கட்டின் மேல் நின்றபடியே தளப்பலகையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். தூக்கினேன்.

"இஞ்சருங்கோ, உதுக்குள்ளை தண்ணி நிக்குது."

எஞ்சினிலிருந்து, படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது, அந்த இடத்தில் சில துளிகள் உள்ளே சொட்டத்தான் வேண்டும், சொட்டாவிட்டால் தண்டு சூடேறிவிடும், ஆகவே சொட்டுவதே முறை என்று விளக்கினேன்.

"அப்ப ஓட்டை எண்டு தெரிஞ்சுதான் வாங்கினியள்?"

பிறகு தீர்ப்பைச் சொன்னாள். "அடியிலை தண்ணி நிண்டால் நான் ஏறமாட்டன். மாரி தொடங்க முதல் காய்ஞ்ச போட்டைக் காட்டுங்கோ. இல்லாட்டில் வித்துப்போடுங்கோ."

அவளிடம் கேட்காமல் வாங்கியவன் நான். நிபந்தனை விதிக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. ஒப்புக்கொண்டேன். ஆனால் விற்க எனக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால், இருவர் போவதற்காகத்தான் அதை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளாஸ்க் தேநீரும் இரண்டு கோப்பைகளும் கொண்டுபோவேன். ஒரு கோப்பை கழுவத் தேவையில்லாமலே வீடு திரும்பும்.

தண்ணீரை வெளியேற்றுவது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஒரு திணைக்களத்தின் பராமரிப்புப் பகுதியை முப்பது வருடங்களுக்கு மேல் நடத்தியவன் நான். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று அப்போது எழுதிய சுற்றறிக்கைகள் இன்றும் ஏதோவொரு அலுமாரியில் கறையானுக்குப் பயன்படுகின்றன. படகின் அடியில் ஏற்கெனவே ஒரு சிறிய மின் பம்ப் இருந்தது. பக்கத்தில் ஒரு மிதவைச் சுவிச். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்ப் ஓடும். தண்ணீர் இறங்கினால் மிதவை விழும், பம்ப் நிற்கும். மனிதன் தேவையில்லை என்பதே அதன் தத்துவம்.

மனிதன் இல்லாவிட்டாலும் தேசிக்காய் இருந்தது. மனைவி படகில் ஏறாவிட்டாலும் காவலுக்கு ஒரு தேசிக்காய், புத்தகத் தமிழில் எலுமிச்சை, கொடுத்துவிட்டிருந்தாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டில் சமாதானம் நிலவ வேண்டும் என்பதில் நம்பிக்கை உண்டு. அறையின் தட்டில் வைத்தேன். அது அலையில் உருண்டு, தளப்பலகையின் இடுக்கால் விழுந்து, மிதவைக்குக் கீழே போய்க் குந்திக்கொண்டது. மிதவை எழும்பியது எழும்பியபடியே நின்றது. தண்ணீர் முடிந்த பிறகும் பம்ப் ஓடியது. மோட்டார் எரிந்து, பற்றரியும் இறங்கிய பிறகுதான் நின்றது.

இதை வீட்டில் சற்றுக் கடுமையாகவே அறிவித்தேன்.

"தேசிக்காய் இருந்த வரைக்கும் பம்ப் நிக்கேல்லை எண்டு நீங்களே சொல்லுறியள்," என்றாள். "அதை ஏன் எடுத்தனியள்?"

இரண்டாவது பம்பை முறைப்படி பூட்டினேன். பற்றரியைக் கழற்றினேன். வயர்களுக்கு அடையாளமிட்டேன். இணைப்புகளை உப்புத் தண்ணீர் புகாமல் மூடினேன். சரியான ஃபியூஸ் போட்டேன். பழைய குழாய் வெடித்திருந்ததால் புதிதாக ஒன்று போட்டு, அறை அலுமாரிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் படகின் பக்கவாட்டுத் துளைவரை கொண்டுபோனேன். வயரானாலும் குழாயானாலும், பின்னாளில் திருத்துகிறவனுக்காக ஒரு முழம் மிச்சம் விட வேண்டும் என்பது நானே எழுதிய சுற்றறிக்கை. அதன்படி ஒரு முழம் மிச்சம் விட்டேன். ஒரு வாளி தண்ணீரை அடியில் ஊற்றினேன். மிதவை எழும்பியது. பம்ப் உறுமியது. குறிப்பேட்டில் 'இயங்குகிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்த ஞாயிறு போனபோது படகின் முகம் சற்றுத் தூக்கலாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருந்தது. பக்கத்துப் படகில் ஒருவர் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பகிடி விடும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

"சேர், உங்கடை போட் தானாய்த் தொழிலுக்குப் போகத் தொடங்கீட்டுதோ? உள்ளுக்கை மீன் ஓடுமாப்போலை கிடக்கு."

"பம்ப் இருக்குத் தம்பி. தண்ணி ஏறினால் தானாய் ஓடும்."

"ஓம், ஓம். இரவெல்லாம் ஓடினது. நல்ல சத்தம்." வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "வாளி ஏதும் தரட்டோ?"

வாங்கி இறைத்தேன். குறிப்பேட்டில் 'தண்ணீர் அகற்றப்பட்டது' என்று எழுதினேன். எதனால் அகற்றப்பட்டது என்பதைச் செயப்பாட்டு வினை மறைத்துக்கொள்ளும். அரசாங்க உத்தியோகத்தில் கற்ற முதல் பாடம் அது.

மூன்று ஞாயிறுகள், வாளியும் பற்றரிக்குச் சார்ஜுமாக, இப்படியே போயின. பம்ப் பழுதில்லை என்று வீட்டுக்கு நிரூபிப்பதற்காக, அது உறுமுவதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அங்கிருந்தே மனைவிக்கு அனுப்பினேன். பதில் குரலாக வந்தது. பின்னணியில் தாளிக்கும் சத்தம்.

"இஞ்சருங்கோ, இது தண்ணி இறைக்கிற சத்தம் இல்லை. காத்துப் பிடிச்ச சத்தம். எங்கடை தோட்டத்து மிசினும் உப்பிடித்தான் சும்மா கத்தும். ஐயா புகையிலைக்குள்ளை நிண்டு, தண்ணி வரேல்லையெண்டு கத்துவார். நான்தான் ஓடிப்போய்க் குழாயைப் பாக்கிறது. குழாயைப் பாருங்கோ."

மூன்று பந்திகளில் மறுமொழி எழுதினேன். தோட்டத்து மிசின் கிணற்றுக் கட்டில் இருந்து தண்ணீரை உறிஞ்சுவது. அதற்குக் காற்றுப் பிடிக்கலாம். இது தண்ணீருக்குள்ளேயே அமர்ந்திருப்பது. காற்றுக்கு இதில் இடமே இல்லை. அவள் அனுப்பிய பதில் ஒரே ஒரு சொல்: 'சரி.' முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல் ஒரு தடவையும் சம்மதத்தைக் குறித்ததில்லை.

நான் முறைப்படி தேடினேன். மின் அழுத்தம் சரி. ஃபியூஸ் சரி. பம்பைக் கழற்றி உள்ளே சுழலும் சக்கரத்தைப் பார்த்தேன், குப்பை இல்லை. கொழும்பிலிருந்து மூன்றாவது பம்பை வரவழைத்தேன். அதற்குள் பின்னேரங்களில் வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. படகை விலைக்குக் கேட்டு ஒருவர் இரண்டு தடவை தொலைபேசி எடுத்துவிட்டார். யார் சொல்லி எடுத்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாவது பம்பைப் பூட்டுவதற்கு முன் வயரை ஒருதரம் பார்க்கலாம் என்று அலுமாரியை இழுத்தேன். பின்னால் நான் மிச்சம் விட்ட ஒரு முழக் குழாய், கர்ப்பிணிப் பசுவின் வயிறுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பம்ப் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது. குழாய் வழியை மறித்ததால் கையால் மேலே தூக்கினேன். உள்ளே குபுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பம்பின் உறுமல் தாழ்ந்து, கனத்து, வேறொரு குரலாகிவிட்டது.

வெளியே பக்கத்துப் படகுக்காரர் கத்தினார்.

"சேர்! ஓடி வாங்கோ! போட்டுக்கு ஒண்டுக்கு வந்திட்டுது!"

படகின் பக்கவாட்டுத் துளையால் தண்ணீர் வளைந்து பாய்ந்துகொண்டிருந்தது. தொங்கிய வயிற்றில் பழைய தண்ணீர் தேங்கி நிற்க, அதற்கும் பம்புக்கும் நடுவில் காற்று அகப்பட்டிருந்திருக்கிறது. அந்தச் சின்ன மோட்டாருக்குக் காற்றைத் தள்ளத் தெரியாது. குழாய் தொய்யாமல் ஒரே ஏற்றமாகப் போக வேண்டும் என்று பம்போடு வந்த கையேட்டில் எழுதியிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறது. கோடு போட்டவன் நான்தான்.

மிச்சத்தை வெட்டினேன். குழாயை நேராக ஏற்றிக் கட்டினேன். வாளியால் ஊற்றி ஐந்து தடவை சோதித்தேன். இம்முறை துளையடியில் நின்று பார்த்தேன். வீட்டுக்குப் போய், குழாய் கொஞ்சம் தொய்ந்திருந்தது என்றேன்.

"காத்தோ?"

"ஒருவகையில்."

"சரி," என்றாள்.

அடுத்த ஞாயிறு மனைவி வந்தாள். கையில் நான் இடுப்பில் கட்டிக் கழித்த பழைய சாரம் ஒன்று. துறைமுகத்துக் கற்கட்டின் மேல் நின்று பலகையைத் தூக்கச் சொன்னாள். அடியில் ஒரு விரற்கிடைத் தண்ணீர் நின்றது. பம்பின் வாய் அதற்குக் கீழே எட்டாது, அந்தக் கடைசி விரற்கிடையை உலகத்தில் எந்தப் பம்பாலும் எடுக்க முடியாது என்று சொன்னேன். சொல்லும்போதே, தொலைபேசி எடுத்த அந்த ஆளின் இலக்கத்தை வைத்திருக்கிறேனா என்று யோசித்தேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். பக்கத்துப் படகுக்காரர் கை கொடுக்க, படகுக்குள் இறங்கினாள். முழங்காலில் நின்று சாரத்தால் தண்ணீரை ஒற்றி ஒற்றி வாளிக்குள் பிழிந்தாள். மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். படகு உலர்ந்த பிறகே ஏறுவது என்பது நிபந்தனை. உலர்த்துவதற்காக அவள் ஏற்கெனவே ஏறிவிட்டாள். ஒரு நடைமுறை மீறலைக் கண்டும் நான் வாய் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இனி எடுங்கோ," என்றாள். "ஏதோ வேலிமாதிரிச் சட்டை போடச் சொன்னியள், அதையும் தாருங்கோ."

உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தேன். பக்கத்துப் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"அக்கா, சேரை நம்பாதேங்கோ. சத்தத்தை நம்புங்கோ."

"அது எனக்குத் தெரியும், தம்பி."

மேற்கே காங்கேசன்துறைப் பக்கமாக மெதுவாக விட்டேன். கடல் எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தது. இந்த நாளுக்காகவே சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். பழைய சீமெந்துத் தொழிற்சாலை கடலிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், கரை எந்த இடத்தில் வெள்ளைப் பாறையாக மாறுகிறது, இந்தியாவுக்குக் கப்பல் எந்தப் பக்கத்தால் போகும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் "ம்" என்றாள். தளப்பலகையை மூட விடவில்லை. அறை வாசலில் குந்தி, படகின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரத்தில் தண்டடியில் சொட்டியது சேர்ந்து, மிதவை எழும்பி, பம்ப் தானாகவே ஓடியது. அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு எழும்பி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"இழுக்குது," என்றாள்.

"அப்ப விக்கிறதோ?"

"வாங்கிறவனுக்கு ஆர் சத்தம் கேட்டுச் சொல்லுறது? கிடக்கட்டும்."

"கடலைப் பாத்தனீரோ?"

"எங்கை பாக்கிறது? நீங்கள் ஓட்டுங்கோ. நான் இதைப் பாக்கிறன்."

திரும்பி வரும்போதும் பலகை திறந்தே கிடந்தது. கரை முழுவதும் அவளுடைய முதுகுக்குப் பின்னால் போனது. நான் எதையும் சுட்டிக்காட்டவில்லை. பம்ப் ஓடும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று எஞ்சினின் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.